கடவுளின் மூச்சைத் தேடிய மருத்துவர்

1553 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. ஜெனீவாவில் பிரசங்கம் கேட்க வந்திருந்த கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவரை யாரோ அடையாளம் கண்டுகொண்டார்கள். அன்றைக்கே கைது. பெயர் மிக்கேல் செர்வெட்டஸ். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் பிறந்தவர், தொழில் மருத்துவம். பிரான்ஸில் வியென் நகரத்துச் சிறையிலிருந்து தப்பி நாலு மாதம் ஆகியிருந்தது. ஆள் கிடைக்காத ஆத்திரத்தில் கத்தோலிக்கர்கள் அங்கே ஜூன் மாதமே அவருடைய உருவபொம்மையையும் புத்தகங்களையும் கொளுத்தி முடித்திருந்தார்கள். ஜெனீவா கத்தோலிக்கத்தை விட்டு விலகிய புராட்டஸ்டண்ட் நகரம். இரு தரப்பும் எதிலுமே ஒத்துப்போகாத காலம் அது. இவரை உயிரோடு விடக்கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

அப்படி அவர் செய்த குற்றம்தான் என்ன? திரித்துவத்தை மறுத்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையும் மறுத்தார். ஆனால் பெரிய குற்றம் முதலாவதுதான்.

கடவுள் ஒருவரே. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார். மூவரும் சமம், மூவருமே ஆதியும் அந்தமும் இல்லாதவர்கள். இதுதான் திரித்துவம். குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாண்டிரியாவின் ஆரியுஸ் கிளப்பிய சர்ச்சைக்கு 325-இல் நைசியா சங்கம் தீர்ப்புச் சொன்னது. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அதை விரித்து உறுதிசெய்தது. அந்த விசுவாசப் பிரமாணத்தைத்தான் கத்தோலிக்க ஆலயத்திலும் சி.எஸ்.ஐ. ஆலயத்திலும் இன்றைக்கும் சபையார் எழுந்து நின்று சொல்கிறார்கள்.

செர்வெட்டஸ் நாத்திகர் அல்ல. இயேசுவை வெறும் மனிதர் என்று சொன்னவரும் அல்ல. செர்வெட்டஸைப் பற்றி எழுதுகிற பலர் இந்த இடத்தில் சறுக்கிவிடுகிறார்கள். கடவுளின் வார்த்தை என்றும் இருந்தது. அந்த வார்த்தை மரியாளின் வயிற்றில் மாம்சமானபோதுதான் குமாரன் பிறந்தார். அவரிடம் கடவுள் முழுமையாக வெளிப்பட்டார் என்பது செர்வெட்டஸின் கட்சி. பரிசுத்த ஆவி தனி ஆள் அல்ல, மனிதருக்குள் இயங்கும் கடவுளின் ஆற்றல் என்றார். திரித்துவம் என்ற சொல் வேதத்தில் எங்கேயும் இல்லை என்று வாதாடினார். யூதர்களை 1492-இல் விரட்டிவிட்டு, முஸ்லிம்களைக் கட்டாயமாக மதம் மாற்றிய நாட்டில் பிறந்தவர் அவர். மூன்று கடவுளைக் கும்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கிறிஸ்தவர்களைப் பரிகசித்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. 1531-இல் திரித்துவத்தின் பிழைகள் பற்றி முதல் நூலை வெளியிட்டபோது வயது இருபதை ஒட்டித்தான். இரண்டு தரப்பும் சீறவே பெயரை மாற்றிக்கொண்டு பிரான்ஸில் ஒதுங்கினார். பாரிஸில் மருத்துவம் படித்தார், டாலமியின் புவியியல் நூலைப் பதிப்பித்தார், கடைசியில் வியென் பேராயருக்கே வைத்தியர் ஆனார்.

மருத்துவரும் இறையியலரும் ஒரே ஆளாக இருந்ததன் விளைவை அவருடைய கடைசி நூலில் பார்க்கலாம். ‘கிறிஸ்தவத்தின் மீட்டெடுப்பு’ என்ற பொருளில் பெயரிட்டு 1553 தொடக்கத்தில் வியென் நகரில் ரகசியமாக அச்சிட்ட நூல் அது. பரிசுத்த ஆவியைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறவர் திடீரென்று மனித உடலைத் திறந்து காட்டுகிறார். கடவுள் ஆதாமின் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதினார் என்கிறது ஆதியாகமம். உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது மோசேயின் சட்டம். அப்படியானால் மூச்சு இரத்தத்தோடு எங்கே கலக்கிறது? இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு இரத்தம் நடுச்சுவர் வழியாகக் கசிகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிவைத்ததைத்தான் பல நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் ஒப்பித்துவந்தார்கள். இல்லை, அந்தச் சுவரில் வழியில்லை என்கிறார் செர்வெட்டஸ். இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது, அங்கே காற்றோடு கலக்கிறது, நிறம் மாறுகிறது, பிறகுதான் இடப்பக்கம் வருகிறது. நுரையீரலுக்குப் போகும் குழாய் இவ்வளவு பெரிதாக இருப்பது, நுரையீரலுக்குச் சோறு போட மட்டும்தானா என்று கேட்கிறார். 13-ஆம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னுல் நஃபீஸ் இதைச் சொல்லிவிட்டார். ஆனால் ஐரோப்பாவில் அச்சேறியது இந்த இறையியல் நூலில்தான். செர்வெட்டஸுக்கு இது உடற்கூறு மட்டுமல்ல. மனிதன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடவுள் உள்ளே வருகிறார் என்பதற்கான சான்று.

எதிர்த்தரப்பில் ஜெனீவாவின் புராட்டஸ்டண்ட் தலைவர் ஜான் கால்வின். இருவருக்கும் பல ஆண்டுகளாகக் கடிதப் போர். கால்வின் தம்முடைய பெருநூலை அனுப்பிவைத்தார்; செர்வெட்டஸ் ஓரங்களில் கண்டனங்களைக் கிறுக்கித் திருப்பி அனுப்பினார். இந்த ஆள் இங்கே வந்தால் உயிரோடு போகவிடமாட்டேன் என்ற கருத்தில் 1546-லேயே கால்வின் நண்பருக்கு எழுதியிருக்கிறார். வியென் நகரில் செர்வெட்டஸ் பிடிபட்டதும், கால்வின் கைவசம் இருந்த கடிதங்கள் கத்தோலிக்க விசாரணையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்ததால்தான். எந்தக் காலத்து அளவுகோலை வைத்து அளந்தாலும் எனக்கு இது பொறுக்கவில்லை.

ஆனாலும் கால்வினின் அச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை விளங்காது. குமாரன் நித்தியர் இல்லை என்றால் சிலுவையில் மரித்தது யார்? கடவுளே இறங்கி வந்து மீட்டார் என்ற நம்பிக்கை என்ன ஆவது? போதாததற்கு, 1537-இல் கால்வின் மீதே ஆரியுஸின் கொள்கைக்காரர் என்று ஒருவர் குற்றம் சாட்டியிருந்தார். அந்தச் சந்தேகத்துக்கு ஆளானவர் இந்த வழக்கில் இளகுவதற்கு இடமில்லை.

விசாரணையில் ஒரு கட்டம். எல்லாப் பொருளிலும் கடவுள் இருக்கிறார் என்று செர்வெட்டஸ் சொல்ல, கால்வின் தரையைக் காலால் உதைத்து, அப்படியானால் நான் மிதிப்பது உன் கடவுளையா என்று கேட்டாராம். அவரும் சளைக்காமல் ஆமாம் என்றாராம். இதை எழுதிவைத்தவர் கால்வினே. சிறையில் செர்வெட்டஸின் நிலைமை மோசம். பேன் கடிக்கிறது, கால்சட்டை கிழிந்துவிட்டது, மாற்றுச் சட்டை இல்லை என்று நகர மன்றத்துக்கு மனுப் போட்டார்.

அக்டோபர் 26-இல் தீர்ப்பு: உயிரோடு எரிக்க வேண்டும். எரிக்க வேண்டாம், தலையை வெட்டிவிடுங்கள் என்று கால்வின் கேட்டுப் பார்த்தார், மன்றம் கேட்கவில்லை. மறுநாள் ஷாம்பெல் மேட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கூடவே நடந்த போதகர் ஃபாரெல், இயேசுவை நித்திய குமாரன் என்று அறிக்கையிடும்படி வற்புறுத்திக்கொண்டே வந்தார். நெருப்புக்குள்ளிருந்து செர்வெட்டஸ் கூப்பிட்டது, நித்திய தேவனுடைய குமாரனாகிய இயேசுவே, இரங்கும் என்று. நித்தியம் பிதாவுக்கு மட்டும்தான் என்பதில் அவர் கடைசி வரைக்கும் இறங்கி வரவில்லை. இரக்கம் கேட்டதோ இயேசுவிடம்.

புத்தகங்களையும் அவரோடு எரித்தார்கள். அந்தக் கடைசி நூலில் இன்று மிஞ்சியிருப்பவை 3 பிரதிகள். அடுத்த ஆண்டே பாசல் நகரிலிருந்து கஸ்தேலியோ என்ற அறிஞர் மாற்றுக்கருத்துக்காரர்களைக் கொல்வதைக் கண்டித்து நூல் வெளியிட்டார். 1568-இல் டிரான்சில்வேனியாவின் தோர்தா நகரில் கூடிய மன்றம், போதகர்கள் அவரவர் புரிந்துகொண்டபடி பிரசங்கிக்கலாம் என்று ஆணையிட்டது. கடவுள் ஒருவரே, மூவரல்ல என்று சொல்லும் யூனிட்டேரியன் சபை அங்கே வேரூன்றி இன்றும் இருக்கிறது.

நம் ஊருக்கும் அந்தக் கட்சி வந்தது. வெள்ளாளர் குடும்பத்தில் பிறந்த தமிழர் ஒருவர் கிறிஸ்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். இங்கிலாந்து போயிருந்தபோது யூனிட்டேரியன் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தமிழர்களைக் கொண்டே ஒரு யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். பின்னர் புரசைவாக்கத்தில் அதற்கு ஓர் ஆலயமும் எழுந்தது. அவரை யாரும் எரிக்கவில்லை.

ஷாம்பெலில் 1903-இல் கால்வின் வழிவந்தவர்களே பிராயச்சித்தமாக ஒரு நினைவுக்கல் நட்டார்கள். பிழை கால்வினுடையது அல்ல, அவர் காலத்தினுடையது என்கிற தொனியில் அதன் வாசகம் இருக்கிறது. செர்வெட்டஸுக்கு ஒரு சிலை வைக்கவும் முயற்சி நடந்தது. ஜெனீவா இடம் தரவில்லை. எல்லைக்கு அப்பால் பிரான்ஸின் அன்மாஸ் நகரில் 1908-இல் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்ஸின் வீஷி அரசு அதை உருக்கிவிட்டது. 1960-இல் திரும்பவும் வார்த்து நிறுத்தினார்கள். ஜெனீவா தன் மண்ணில் அந்தச் சிலையின் நகலுக்கு இடம் கொடுத்தது 2011-இல்.