துப்பாக்கிக்கு யார் விலை கொடுப்பது?

விளையாட்டு என்றாலே திடலும் பந்தும், அல்லது கைப்பேசித் திரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, பேச்சையும் பகடையையும் மட்டுமே கொண்டு ஆடும் விளையாட்டு ஒன்று அரை நூற்றாண்டாக மேலை நாடுகளில் செல்வாக்குடன் இருந்து வருகிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974-இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி.

இதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் போர்வீரர், மந்திரவாதி, வில்லாளி என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அவர் விவரிக்கும் கற்பனை உலகில் உலவுவர். எதிரியின் மீது அடி விழுந்ததா, சேதம் எவ்வளவு என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒரே அமர்வில் ஆட்டம் முடிவதில்லை. மாதக்கணக்கில் கதை தொடரும்.

இந்த உலகங்கள் பெரும்பாலும் இடைக்கால ஐரோப்பாவின் சாயல் கொண்டவை. அங்கே துப்பாக்கிக்கு இடம் உண்டா என்பது ஆட்டக்காரர்களிடையே ஓயாத விவாதம். கவசம் பூண்ட வீரர்களின் காலத்தில் வெடிமருந்து ஏது என்பார்கள் எதிர்ப்பவர்கள். வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. ஐரோப்பாவில் பீரங்கி 1320-களிலேயே வந்துவிட்டது. உடல் முழுவதையும் மூடும் எஃகுத் தகட்டுக் கவசம் முழுமை பெற்றது 15-ஆம் நூற்றாண்டில்தான்.

சமநிலை குலையும் என்ற மற்றொரு வாதம் வலுவானது. ஒருவரின் ஆயுதம் எல்லாவற்றையும் விஞ்சிவிட்டால், வாளையும் வில்லையும் தேர்ந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவர். நண்பர்களுடன் கழிக்க ஒதுக்கிய மாலைப்பொழுது அவர்களுக்கு வீண். மாறாக, துப்பாக்கியை வலுவிழக்கச் செய்தால் அதை எவரும் தொடமாட்டார்கள். பொருளியல் பயின்றவருக்கு இது பழகிய கேள்வி: ஒரு நன்மைக்கு ஈடாக எதை, எவ்வளவு விலையாகக் கேட்பது?

எளிதில் தோன்றும் விடை பணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில் நீள்வில்லின் விலை 50 பொற்காசு. மஸ்கெட் துப்பாக்கியின் விலை 500. பத்து மடங்கு என்பது நியாயமாகவே தெரிகிறது. ஆனால், இது ஒருமுறை மட்டும் செலுத்தும் நிலைச் செலவு. புதையல் தேடுவதையே தொழிலாகக் கொண்ட பாத்திரங்களுக்குச் சில மாத ஆட்டத்துக்குப் பின் 500 காசு ஒரு பொருட்டாக இராது. வாங்கிய பிறகு அந்த விலை எவரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை.

நேரத்தை விலையாகக் கேட்பது இதைவிடச் சிறந்த வழி. மஸ்கெட்டின் சேதத்தை 12 முகப் பகடை தீர்மானிக்கிறது, சராசரி 6.5. நீள்வில்லுக்கு 8 முகப் பகடை, சராசரி 4.5. தொடக்கத்தில் துப்பாக்கியே மேல். ஆனால், ஐந்தாம் நிலையை எட்டும் போர்வீரர் தமது முறை வரும்போது இருமுறை தாக்கும் தகுதி பெறுகிறார். வில்லாளி இரண்டு அம்புகளை எய்து சராசரி 9-ஐ எட்டுகிறார். குண்டு நிரப்ப வேண்டியிருப்பதால் துப்பாக்கியாளர் 6.5-இலேயே நிற்கிறார். இது வாய்ப்புச் செலவு. ஒவ்வொரு முறையும் செலுத்த வேண்டியிருப்பதால் செல்வந்தரும் இதிலிருந்து தப்ப முடியாது. 2020-இல் வந்த துணை நூல் ஒன்று இந்தத் தடையை நீக்கும் சிறப்புத் திறனை அளித்தது. அதைப் பெறுபவர் வேறொரு திறனைத் துறக்க வேண்டும்.

இடரையும் விலையாக்கலாம். பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் 2011 விதிகளில், அருகிலிருந்து சுடும் குண்டு கவசத்தைப் பொருட்படுத்தாது. ஈடாக, 20 முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் மஸ்கெட் பழுதாகும். பழுதான நிலையில் மீண்டும் பிழைத்தால் வெடித்துவிடும். செதில்களையே அரணாகக் கொண்ட டிராகன்கள் துப்பாக்கிக்கு எளிய இலக்காயின என்பதுதான் இதன் குறை. அதன் இரண்டாம் பதிப்புக்கு 2021-இல் வந்த துப்பாக்கி விதிகள் வேறு பாதையில் சென்றன. வழக்கமான குண்டுக்குச் சேதம் குறைவு. பகடை மிகச் சாதகமாக விழும்போது மட்டும் பேரழிவு. சராசரியை உயர்த்தாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் கூட்டிய இந்த ஏற்பாடு எனக்கு நுட்பமானதாகவே படுகிறது.

ஆயினும், மூன்று வழிகளும் ஓர் அடிப்படை உண்மையைத் தொடுவதில்லை. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட், ஆண்கள் விழா நாட்களில் வில் பயில வேண்டும் என்று 1363-இல் ஆணையிட்டார். நல்ல வில்லாளி உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதே காரணம். துப்பாக்கி ஏந்தும் படைவீரரை அதைவிட மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கிவிடலாம். வரலாற்றில் துப்பாக்கியின் பெரிய அனுகூலம் பயிற்சிச் செலவின் குறைவு. மேசை ஆட்டத்திலோ பாத்திரம் முழுப் பயிற்சியுடனே பிறக்கிறது. வில் பயின்ற ஆண்டுகளுக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. வரலாறு தந்த அனுகூலம் அங்கே செல்லாக் காசாகிவிடுவதால், விதி எழுதுபவர்கள் துப்பாக்கிக்குப் புதிய அனுகூலத்தையும், அதற்கு ஈடான புதிய சுமையையும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

மலிவான பயிற்சியால் பயன்பெறுபவர்கள் கதையின் நாயகர்கள் அல்லர். காவலரும் கொள்ளையரும் குடியானவரும்தான். அதே 2011 விதிகள், துப்பாக்கி பரவலான உலகில் அதன் விலை கால் பங்காகவும், எங்கும் நிறைந்த உலகில் பத்தில் ஒரு பங்காகவும் குறையும் என்கின்றன. விலை குறைந்தால் எதிரியும் வாங்குவான். நாயகருக்கு மட்டும் துப்பாக்கி என்பது ஏகபோகம். அதற்கு எந்தப் பகடைக் கணக்கும் முழு ஈடாகாது.

ஆகவே, கதை நடத்துபவர் துப்பாக்கியை அனுமதிக்கும் முன், அது இந்த உலகில் யார் யாரிடம் இருக்கும் என்பதை அனைவருடனும் பேசி முடிவு செய்ய வேண்டும். சேதக் கணக்கை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்று மேசையில் வில்லைத் தேர்ந்தவர் அடுத்த வாரமும் ஆவலுடன் வந்து அமர்ந்தால், கணக்கு சரியாக இருக்கிறது என்று பொருள்.