அட்டை வேறு, குடியுரிமை வேறு

என் பாட்டி 1937இல், ஐந்து வயதுச் சிறுமியாகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். பாடாங் செராய் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியே ஆயுளைக் கழித்தார். அவர் இறந்தபின் தகரப் பெட்டியில் சிவப்பு அடையாள அட்டை ஒன்றைக் கண்டேன். "பாட்டி இந்த நாட்டுக் குடிமகள் இல்லையா?" என்று அப்பாவிடம் கேட்டேன். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுப் படைக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் மூண்ட அப்போர் 1960 வரை நீடித்தது. காட்டுப் போராளிகளிடமிருந்து மக்களைப் பிரித்தறியவே 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை வழங்கினர். ஆனால், அட்டை 'நீ யார்' என்று மட்டுமே சொல்லும். 'இந்நாடு உன்னுடையது' என்று சொல்லாது.

1957 சுதந்திர நாள் முதல் இங்குப் பிறந்தோர் இயல்பாகவே குடிமக்களாயினர். வெளிநாட்டில் பிறந்தோரோ குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும், விண்ணப்பமும் செய்யவேண்டும். "கார்டுதான் இருக்கே" என்று பாட்டி இருந்துவிட்டார். பின்னாளில் குடிமக்களுக்கு நீல அட்டையும் நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டையும் வந்தன.

1962இல் சட்டம் மாறியது. இங்குப் பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. அப்பா 1965இல் பிறந்தார். தாத்தாவும் சிவப்பு அட்டைக்காரரே. ஆக, அந்தச் சிவப்பு அட்டைகளே அப்பாவுக்கு நீல அட்டையைத் தந்தன! 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தமோ, நிரந்தரவாசியின் பிள்ளைக்குரிய இவ்வழியை நீக்குகிறது.

இலங்கையைப் பாருங்கள். 1948 சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1976இல் வட்டுக்கோட்டையில் தனி ஈழத் தீர்மானம் எழுந்தபோது மலையகத்தின் பெரிய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதில் சேரவில்லை. ஆயினும் 1983 வன்முறை மலையகத் தமிழரையும் தாக்கியது. எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பிரிவினை கேட்டவரின் குடியுரிமைதான் பறிபோகும் என்பதில்லை. அமைதியாகப் பால் வெட்டியவருக்கும் அது கிட்டாமல் போகலாம். நம் நாட்டில் பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே அமையும். தந்தையின் நீல அட்டை அங்கே உதவாது.

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது உறவினர் வீட்டுப் பத்திரங்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாரம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள். என் பாட்டிக்கு அன்று அப்படி ஒருவர் அமையவில்லை.