பழைய ஜன்னலுக்குப் புதுத் தட்டி

மணமேல்குடிப் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு மேற்கு ஜன்னல்தான் தொல்லை. பிற்பகல் வெயில் நேரே கூடத்தில் விழும். பிளைண்ட்ஸ் மாட்ட ஆள் வந்தால் முதலில் டிரில் மெஷினைத்தான் எடுப்பார். உடனே தடுத்துவிடுங்கள்.

பழைய ஜன்னல் நிலை பெரும்பாலும் பர்மா தேக்கு. மியான்மர் 2014 ஏப்ரலில் தேக்குத் தடி ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. நிலை பிளந்தால் அதே மரம் கிடைப்பது அரிது. சுண்ணாம்புக் காரைச் சுவரோ டிரில் அதிர்ச்சியில் உதிரும், பிளக் பிடிக்காது. உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள காரையும் பூத்து விழும். அங்கே சுண்ணாம்பும் மணலுமே போட வேண்டும்.

வாங்கக் கிளம்புமுன் இருக்கும் கதவைப் பாருங்கள். மேல் கீழாகப் பிரிந்த ஜன்னல் கதவில் ஒன்றைச் சாத்தி ஒன்றைத் திறந்தாலே வெயில் பாதி அடங்கும். கீலும் கொண்டியும் சரியில்லை என்றால் ஆசாரியை அழைத்துச் சரிசெய்தாலே போதும், பல வீடுகளில் வேறெதுவும் தேவைப்படாது.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் மூங்கில் தட்டிதான் என் தேர்வு. அதையும் உள்ளே மாட்டாமல் தாழ்வாரத்துக் கைமரத்தில் கயிறு கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். உள்ளே மாட்டும் திரை, வெயில் வீட்டுக்குள் வந்தபிறகுதான் அதைத் தடுக்கிறது. சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளித்தட்டி சூட்டை வாசலிலேயே நிறுத்தும், இடுக்கு வழியாகக் காற்றும் வரும். கடல் கிழக்கே இருப்பதால் கிழக்கு ஜன்னலைக் கனத்த துணியால் மூடவே கூடாது. மேலே வண்ணக் கண்ணாடி இருந்தால் அதற்குக் கீழிருந்தே தட்டி தொங்கட்டும்.

தாழ்வாரம் இல்லாத ஜன்னலுக்கு, நிலையின் இரு பக்கமும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பியில் மெல்லிய திரை போடலாம். பழைய நிலை செங்கோணத்தில் இருக்காது. மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அகலம் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருகாணி தவிர்க்க முடியாதென்றால், பழைய திரைக்கம்பி இருந்த ஓட்டையையே பயன்படுத்துங்கள். இரும்பு வேண்டாம். உப்புக் காற்றில் துரு ஏறி உப்பி மரத்தைப் பிளக்கும், தேக்கில் கறுப்புக் கறையும் படியும். பித்தளை நல்லது, ஆனால் தேக்கில் நேராகத் திருகினால் தலை முறிந்துவிடும். முதலில் சிறு துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகாணியை ஏற்றிக் கழற்றுங்கள். பிறகு பித்தளையில் சோப்புத் தடவித் திருகினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடற்கரைக்குத் தாங்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் மணமேல்குடிப் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்ததும் தட்டிகளைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.