காலியான கேட்ச்

பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்த சித்தி மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ஜாவா அசைன்மென்ட்.

"அக்கா, கேட்ச் போட்டுட்டேன். இப்போ எரரே வரல!"

கேட்ச் இருந்தது. அடைப்புக்குறிக்குள்தான் ஒன்றுமே இல்லை.

நான் மீடியா படித்தவள். ஆனால் நேரலையில் நேயரின் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று தெரியும். டிரை, நேயரிடம் பேசிப் பார்ப்பது. கேட்ச், இணைப்பு அறுந்தால் தயாராக வைத்த பாடலைப் போடுவது. ஃபைனலி, எது நடந்தாலும் மைக்கை மூடுவது. காலியான கேட்ச், இணைப்பு அறுந்ததே தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருப்பது.

அவளுக்கு ஒரு விமானக் கதை சொன்னேன்.

2005 ஆகஸ்ட் 1. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்124, போயிங் 777. சுமார் 38,000 அடியில் திடீரென மூக்கைத் தூக்கி, 41,000 அடிவரை ஏறியது. வேகம் 270 நாட்டிலிருந்து 158க்கு விழுந்தது. விமானி தானியங்கியைத் துண்டித்து, பெர்த்துக்கே திரும்பிப் பத்திரமாக இறக்கினார்.

ஆஸ்திரேலிய விசாரணையில் காரணம் தெரிந்தது. விமானத்தின் அசைவை அளக்கும் கருவிக்குள் ஒரு முடுக்கமானி 2001 ஜூனிலேயே கெட்டுவிட்டது. மென்பொருள் அதைச் சரியாகவே ஒதுக்கிவைத்தது. நான்காண்டு கழித்து இன்னொன்றும் கெட்டபோது, மென்பொருளில் ஒளிந்திருந்த பிழை, ஒதுக்கிய பழையதையே மறுபடி நம்பிவிட்டது.

"இதுக்கும் என் ஆப்ஜெக்ட்டுக்கும் என்னக்கா?"

ஆப்ஜெக்ட், தன் தகவலையும் வேலையையும் சேர்த்து வைத்திருக்கும் பெட்டி. கிளாஸ் அதன் வரைபடம். உள்ளே யாரும் கைவைக்க முடியாது, கேட்டால் பதில் மட்டும் வரும். இதுதான் எங்கேப்சுலேஷன். அந்த விமானக் கருவியும் அப்படி ஒரு மூடிய பெட்டிதான். தானியங்கியால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது, வந்த எண்ணை நம்பியது. பதில் தெரியாத பெட்டி, பொய் எண்ணைத் தருவதைவிட எக்ஸெப்ஷனை வீசுவது மேல். ஜாவாவில் அதற்குத்தான் த்ரோ.

எக்ஸெப்ஷனும் ஓர் ஆப்ஜெக்ட்தான், அதற்கும் குடும்பம் உண்டு. கோப்பு கிடைக்காதபோது வரும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன், ஐஓஎக்ஸெப்ஷனின் பிள்ளை. இதுதான் இன்ஹெரிடன்ஸ். தாயின் கேட்சை முதலில் எழுதினால் பிள்ளையின் கேட்சுக்கு எதுவும் வந்து சேராது. ஜாவா கம்பைலரே ஏற்காது.

அவள் காலி அடைப்புக்குறிக்குள் தட்டச்சு செய்தாள்: கோப்பு கிடைக்கவில்லை, பெயரைச் சரிபார்க்கவும். ஓட்டினாள். எரர் வந்தது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தப்பு.