தெரியாது என்று சொல்ல விடுங்கள்

மணலி புதுநகரில் கேமராவுக்கு வேலைக் குறைவே இல்லை. புரட்டாசி வந்தால் அய்யா வைகுண்ட தர்மபதியில் பத்து நாள் திருவிழா. தேரோட்டத்தன்று தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்கள் மொத்தமும் தெருவில் நிற்கும். முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று உள்ளூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஓட்டம்தான். எண்ணூர்க் கழிமுகம் பக்கத்திலேயே இருப்பதால், விடியற்காலையில் கூழைக்கடாவையும் நாரையையும் எடுக்கக் கிளம்பும் பையன்கள் தனிக் கூட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது, இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்கள்தான் இங்கே நடந்ததை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தன.

இந்தப் பக்கத்தில் ஒருவர் கேமரா வாங்குகிறார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு வீடே இருக்கும். ஏலச்சீட்டு எடுத்த பணம், அடகுக்குப் போன வளையல், உரத் தொழிற்சாலையிலோ சுத்திகரிப்பு ஆலையிலோ ஒப்பந்தக் கூலிக்கு நின்று மிச்சம் பிடித்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, இன்று நாடறிந்த ஆவணப் புகைப்படக் கலைஞராக இருக்கும் மு. பழனி குமாருக்கு, மீன் விற்கும் அவருடைய அம்மா கடன் வாங்கித்தான் கேமரா வாங்கித் தந்தார். அவர் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். வட சென்னையை அந்தப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்து எடுத்த படங்கள் கண்காட்சிக்கும் வந்தன. அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருவர் நாளைக்குச் சொந்தக் கேமரா வாங்கக் கடைக்குப் போவார். எதிரே நிற்கும் விற்பனையாளர் அவருக்கு என்ன சொல்லி விற்பார் என்பதுதான் என் கவலை.

மணலி புதுநகரில் செல்போன் கடை தெருவுக்கு ஒன்று இருக்கிறது. நல்ல கேமராவுக்கு வெளியேதான் போக வேண்டும். பஸ் பிடித்துத் திருவொற்றியூர்ப் பக்கம் வந்து விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால், அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். இல்லையென்றால் பாரிமுனை. அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு மாலில் இருக்கும் பெரிய ஷோரூம்.

எங்கள் தெருவில் கல்யாண வேலைக்குப் போகும் ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் நிக்கான் டி5600. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் தடுமாறுகிறது என்று 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் வாங்கப் போனார். கவுன்டரில் இருந்த பையன் இரண்டை எடுத்து வைத்தார். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றில் 1.8டி, இன்னொன்றில் 1.8ஜி. முதலாவது விலை குறைவு.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் ப்ரோ?”

“ஒண்ணும் இல்லண்ணா. அது புது மாடல், இது பழசு, அவ்ளோதான். ரெண்டுமே எல்லா நிக்கான்லயும் செட் ஆகும்.”

சொன்னதோடு நிற்காமல், கடையில் இருந்த டெமோ பாடியில் மாட்டிக் காட்டினார். கிர்ரென்று ஓடி ஃபோகஸ் பிடித்தது. தம்பியும் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரத்துக்குத்தான் விஷயம் தெரிந்தது. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் லென்ஸ் அசையவில்லை. கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்ததில் பாதிப் படங்கள் மங்கல். பெண் வீட்டார் முகத்தில் விழிக்க முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

லென்ஸில் பழுது ஏதும் இல்லை. நிக்கானின் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனை போன்ற ஒரு கம்பியால் அவற்றைத் திருப்ப வேண்டும். லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைப் பார்த்தால் அந்த முனை உட்காரும் குழி தெரியும். டி7000 வரிசை போன்ற பெரிய பாடிகளில் அந்த மோட்டார் உண்டு. 2006-ல் வந்த டி40 தொடங்கி டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. அவற்றுக்கு உள்ளேயே மோட்டார் வைத்த ஏஎஃப்-எஸ் போன்ற லென்ஸ்தான் வேண்டும். கடையில் மாட்டிக் காட்டிய டெமோ பாடி மோட்டார் உள்ளது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

திருப்பிக் கொடுக்கத் தம்பியோடு நானும் போனேன். “பிரிச்ச பொருள் ரிட்டர்ன் எடுக்கிறதில்ல சார்” என்றார்கள். அந்தப் பையனை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினேன். போன மாதம் வரை செல்போன் பிரிவில் இருந்தாராம். கேமராப் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் இவரை நகர்த்தியிருக்கிறார்கள். பயிற்சி என்று நடந்தது, விலைப் பட்டியலைக் கையில் கொடுத்தது மட்டும்தான். “தெரியாதுன்னு சொன்னா மேனேஜர் திட்டுவாரு சார். கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாராம்” என்றார்.

கேமரா வியாபாரம் சுருங்கிய வேகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. செல்போன் தின்றுவிட்டது. பெரிய கடைகளில் ஒரு சுவர் முழுக்க இருந்த கேமராக்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கின. லென்ஸைக் கையில் வாங்கியதுமே அதன் குணத்தைச் சொல்லக்கூடிய பழைய ஆட்கள் ரிப்பேருக்கோ கல்யாண வீடியோவுக்கோ போய்விட்டார்கள். மீதியுள்ள மூலைக்குத் தனியாக ஒருவரைப் பழக்கிச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனம் வருவதில்லை.

இன்னொன்றை வாங்குபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஷோரூமில் நம்மை வரவேற்பவர் எல்லா நேரமும் கடையின் ஆள் இல்லை. பல இடங்களில் ஒரு கம்பெனி தன் செலவில் நிறுத்தியிருக்கும் ப்ரொமோட்டர் அவர். மாதா மாதம் டார்கெட் உண்டு, விற்றால் இன்சென்டிவ் உண்டு. பக்கத்து கம்பெனி கேமரா உங்களுக்குப் பொருத்தம் என்று அவர் வாயால் வராது. அது அவர் வேலையும் இல்லை. “அண்ணே, நீங்க கடை ஸ்டாஃபா, கம்பெனி ஸ்டாஃபா?” என்று தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவர்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். கடை ஊழியர்களின் பாட்டைச் சொன்ன ‘அங்காடித் தெரு’ படம் வந்து பதினோரு வருஷம் கழித்து. உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், படிக்கவும் பழகவும் நேரம் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. குற்றம் ஆளை அப்படி நிறுத்தி வைத்த கடைக்கும் கம்பெனிக்கும்தான்.

ஆனால் நஷ்டம் வாங்குபவருக்கு. அதிலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரட்டை நஷ்டம். பேச்சைக் கேட்டதும், சட்டையைப் பார்த்ததும், “உங்க பட்ஜெட்டுக்கு இதுதான்” என்று கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இருப்பதைக் காட்டிவிடுவார்கள். கேமராவைக் கையில் கொடுக்கத் தயங்குவார்கள். ஐம்பதாயிரம் கொடுக்கப் போகிறவர் அதைக் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாதா? பிடித்துப் பாருங்கள், நாலு படம் எடுங்கள், பெரிதாக்கிப் பாருங்கள். கொடுக்காத கடையில் வாங்க வேண்டாம்.

மெகாபிக்சல் கதைக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. “இது 24, அது 50, அதனால அதுதான் பெஸ்ட்” என்று யாராவது சொன்னால், சென்சாரின் அளவு என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஃபுல் ஃப்ரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23-க்கு 15. போனில் இருப்பது பெரும்பாலும் விரல் நகத்தைவிடச் சிறியது. இருட்டில் படம் எப்படி வரும் என்பதில் சென்சார் அளவுக்கும் லென்ஸுக்கும் பெரும்பங்கு. கார்டு வாங்கும்போதும் 64 ஜிபி, 128 ஜிபி என்பதோடு நிறுத்தாமல் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 30 எம்பி தடையில்லாமல் எழுதும் என்பதற்கான உறுதி அது. 4கே வீடியோ பாதியில் நிற்பதற்குப் பல நேரம் கார்டுதான் காரணம், கேமரா அல்ல.

கடலோரத்து ஆளுக்குக் கேமரா விற்கும்போது சொல்லியே தீர வேண்டிய ஒன்றை நான் பார்த்த எந்தக் கவுன்டரிலும் சொன்னதில்லை. ஃபங்கஸ். எங்கள் காற்றில் உப்பு, ஈரம், போதாததற்கு அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைத் தூசியும். பையில் பூட்டி வைத்த லென்ஸை ஒரு மழைக்காலம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல வெள்ளைக் கீற்று ஓடியிருக்கும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறினால் காயவைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். சில நூறு ரூபாய் விஷயம். அதைச் சொல்லாமல், ட்ரைபாட், யுவி ஃபில்டர், கிளீனிங் கிட் என்று ‘காம்போ’வைத் தலையில் கட்டுகிறார்கள்.

“எல்லாத்துக்கும் வாரன்டி இருக்கு” என்ற பேச்சும் இதே ரகம். ஃபங்கஸுக்கும் தண்ணீர் புகுந்ததற்கும் பொதுவாகக் கம்பெனி வாரன்டி கிடையாது. மணலி புதுநகரில் 2015, 2021, 2023 என்று கொசஸ்தலை ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இந்த ஊர்க்காரர் கூடுதல் வாரன்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன், வெள்ளச் சேதம் அதில் அடங்குமா என்று காகிதத்தைக் காட்டச் சொல்லிப் படிக்க வேண்டும்.

பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். இறக்குமதியான பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும் என்பது 2011-ல் வந்த எடையளவு விதி. அந்த ஸ்டிக்கர் இல்லாமல் இரண்டாயிரம், மூவாயிரம் குறைவாகத் தருகிறேன் என்றால் அது வேறு வழியில் வந்த பீஸ். இந்தியாவில் கம்பெனி சர்வீஸ் கிடைக்காமல் போகலாம். பில் கேட்டால் “ஜிஎஸ்டி சேர்ந்து விலை ஏறிடும்” என்பார்கள். ஏறட்டும். கேமராவுக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலேயே 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில் இல்லாவிட்டால் நாளைக்கு நம் பேச்சு எடுபடாது.

பில்லைப் பற்றி ஒரு யோசனை. விற்பனையாளர் ஓர் உறுதி கொடுத்தால் அதைப் பில்லின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். “டி5600-ல் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும்” என்று ஒரு வரி, கடை முத்திரை. தெரிந்தவர் தயங்காமல் எழுதுவார். தெரியாதவர் உள்ளே போய் யாரையாவது கேட்டு வருவார். அந்தத் தம்பியின் விஷயத்தில் இந்த ஒரு வரி கேட்கப்பட்டிருந்தால் லென்ஸ் கைமாறியே இருக்காது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தையும் விலையையும் தெரிந்துகொள்வதை வாங்குபவரின் உரிமை என்கிறது. பொருளின் தரம், பயன் பற்றித் தவறாகச் சொல்வது வாய்மொழியாக இருந்தாலும் முறையற்ற வணிகம்தான். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் அடக்கம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கடைக்காரர் பொறுப்பு தீர்ந்துவிடாது. கடையில் இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகு, வித்தியாசப் பணம் வாங்கிக்கொண்டு தம்பிக்கு மோட்டார் உள்ள லென்ஸை மாற்றித் தந்தார்கள். சண்டை போடவில்லை, சட்டத்தைச் சொன்னோம்.

கடை முதலாளிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஆட்களை “தெரியாது, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்ல விடுங்கள். அப்படிச் சொன்னதற்காகத் திட்டாதீர்கள். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் ஒரு அரை மணி நேரம், பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு லென்ஸையும் ஒவ்வொரு பாடியிலும் மாட்டிப் பார்க்கக் கொடுங்கள். பழைய ரிப்பேர்காரர் ஒருவரை மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேச வையுங்கள். நீங்கள் கட்டும் தோரணங்களுக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: கிளம்பும் முன் உங்கள் தெரு ஸ்டுடியோக்காரரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். அவருக்கு டார்கெட் கிடையாது. உங்கள் பழைய கேமராவைக் கையோடு கொண்டுபோய், வாங்கும் லென்ஸை அதிலேயே மாட்டிச் சோதியுங்கள். மீறி ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை.