பழைய 'டிரங்க் அண்ட் டிரைவ்' கேஸ்... விமானி ஆவதைத் தடுக்குமா?

*சேர்வராயன் மலையடிவாரத்தில் பதிவாகும் ஒரு வழக்கு, வருடங்கள் கழித்து பெங்களூரு மருத்துவ அறையில் என்ன கேள்வியாகத் திரும்பி வரும்? விமானி ஆசையில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.*

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அத்தனை வளைவிலும் இறங்குகிற வண்டிகள்தான். ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்து, பகோடா பாயின்ட்டில் காற்று வாங்கிவிட்டு வரும் குடும்பங்களுக்கு நடுவே, பாட்டிலோடு மலையேறிய இளைஞர் கூட்டமும் இறங்கும். அடிவாரத்தில் போலீஸ் கை காட்டி ஓரங்கட்டும். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் செருகிய கருவியை நீட்டி "ஊதுப்பா" என்பார்கள். சின்னதாக ஒரு பீப் சத்தம், திரையில் ஓர் எண். அந்த எண் 30-ஐத் தாண்டினால் அது வழக்கு.

அந்த இளைஞர்களில் ஒருவனுக்கு விமானி ஆகும் ஆசை இருக்கலாம். சேலத்துக்கு அது தூரத்து ஆசையும் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளி நடத்த 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பையன், வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்ற காலம் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியும் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது: என்றைக்கோ நடந்த ஒரு 'டிரங்க் அண்ட் டிரைவ்', மெடிக்கல் சான்றிதழுக்குக் குறுக்கே நிற்குமா?

ஃபைன் கட்டினால் முடிந்ததா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவு இதற்கானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய் வரை; இப்போது 10,000 ரூபாய். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிடிபட்டவரை வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு.

ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே பணம் கட்டிவிட்டுப் போகிற மாதிரி இதை முடிக்க முடியாது. 185 சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும். "ஆமாம் சார்" என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டுக்குத் தெரியாமல் நண்பனிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, கேஸ் முடிந்தது என்று மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அது நீதிமன்றத்தில் குற்றம் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்ற வழக்கு. அதற்கு ஓர் எண் இருக்கிறது, கோப்பு இருக்கிறது. விமான நிலையத்துக்குள் வேலை பார்க்க நுழைவு அட்டை கேட்கும்போது போலீஸ் விசாரணையும் இருக்கிறது.

மருத்துவர் எதைத் தேடுகிறார்?

வணிக விமானி உரிமம் வேண்டுமானால் கிளாஸ் ஒன் மெடிக்கல் கட்டாயம். முதலில், இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் டூ. அதன் பிறகு கிளாஸ் ஒன். சேலத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது 1957-இல் தொடங்கப்பட்ட விமானப்படையின் பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனம். கண், காது, இதயம், ரத்தம், சிறுநீர் என்று பரிசோதனை நீளும். கூடவே, உடல்நல வரலாற்றை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மதுப் பழக்கத்தைப் பற்றிய கேள்வியும் அதில் அடக்கம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மருத்துவத் தரங்களைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. அந்தத் தரம் தேடுவது நோயை: மதுவுக்கு அடிமையாகிவிட்டாரா, அல்லது தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவுக்குக் குடிக்கிறாரா என்பதை. கல்லூரி நாளில் ஒரு முறை பிடிபட்டது மட்டுமே ஒரு நோயின் அத்தாட்சி ஆகிவிடாது. ஆனால், மருத்துவர் மேலும் கேட்க அது நியாயமான காரணம். எத்தனை முறை பிடிபட்டீர்கள், எண் எவ்வளவு காட்டியது, விபத்து நடந்ததா, அதற்குப் பிறகு பழக்கம் எப்படி?

இதில் அந்த எண் முக்கியம். 40 காட்டியவர் இரண்டு பீர் குடித்தவராக இருக்கலாம். 150 அல்லது 200 காட்டியும் வண்டியை நேராக ஓட்டி வந்தவர் என்றால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். அவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கி நிற்க உடம்பு பழகியிருக்கிறது என்று பொருள்.

ரத்தமும் பேசும். ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி, தொடர்ந்து குடிப்பவர்களுக்குக் கூடியிருக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கும். சிவப்பணுக்களின் பருமனைச் சொல்லும் எம்சிவி, நிறுத்திய பிறகும் இறங்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மெடிக்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் பாட்டிலைத் தொடாமல் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வதை நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அந்தத் திரவத்துக்குள் மெல்லிய ஜெல்லி போன்ற ஒரு தடுப்பு. தலை திரும்பினால் திரவம் அதைத் தள்ளும். திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரியும். குடித்தால் ஆல்கஹால் முதலில் அந்த ஜெல்லிக்குள் போகிறது, திரவத்துக்குள் மெதுவாகத்தான் சேர்கிறது. இரண்டின் அடர்த்தியும் வேறுபடுவதால் படுத்தால் அறையே சுற்றுகிறது. வெளியேறும்போதும் ஜெல்லியிலிருந்து முதலில் போய்விடுகிறது, திரவத்தில் தங்கிவிடுகிறது. அதனால், ரத்தத்தில் ஆல்கஹால் சுத்தமாக இறங்கிய பிறகும் பல மணி நேரத்துக்குச் சமநிலை உணர்வு தடுமாறும். மேகத்துக்குள் அடிவானம் தெரியாமல் பறக்கிறவருக்கு அந்தத் தடுமாற்றம் உயிர் விஷயம்.

இந்திய விமான விதிகள், பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது என்கின்றன. சாலையில் 30 வரை சட்டம் பொறுத்துக்கொள்கிறது, விமானத்தில் பூஜ்யம்தான். மூச்சுச் சோதனையில் முதல் முறை சிக்கினால் உரிமம் மூன்று மாதம் முடக்கம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை ரத்து. பதவி பார்த்து இது விட்டுக்கொடுப்பதில்லை. 2018 நவம்பரில் டெல்லியிலிருந்து லண்டன் புறப்பட இருந்த ஏர் இந்தியாவின் செயல்பாட்டு இயக்குநர் கேப்டன் அர்விந்த் கத்பாலியா மூச்சுச் சோதனையில் தேறவில்லை. அவருக்கு அது முதல் நடவடிக்கையும் அல்ல. உரிமம் மூன்று ஆண்டுக்கு முடக்கப்பட்டது. இயக்குநர் பதவியும் போனது.

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்கு...

நம் பிள்ளைகள் பலர் பயிற்சிக்காக ஃபுளோரிடா, டெக்சஸ், அரிசோனா என்று போகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அங்கே கேள்வி நேரடியாகவே வரும். அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏவின் மருத்துவ விண்ணப்பம் தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை, குடித்து வண்டி ஓட்டியதற்காக என்றாவது கைது செய்யப்பட்டீர்களா என்றே கேட்கிறது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், இருபது வருடம் ஆகியிருந்தாலும், "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். நீதிமன்ற ஆவணம், போலீஸ் அறிக்கை, ஆல்கஹால் அளவு எல்லாம் காட்ட வேண்டும். அளவு 0.15 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தாலோ, சோதனைக்கு மறுத்திருந்தாலோ, போதைப் பழக்க நிபுணரின் மதிப்பீடு தேவைப்படும். ஏற்கெனவே விமானி உரிமம் வைத்திருப்பவர், சாலையில் நடந்த அந்த நடவடிக்கையை 60 நாளுக்குள் தனியாகவும் தெரிவிக்க வேண்டும்.

பழைய கைதைச் சொன்னவர்களுக்குத் தாமதம் ஆகும், அலைச்சல் ஆகும், செலவும் ஆகும். மறைத்துப் பிடிபட்டவருக்குக் கையில் இருக்கும் எல்லா உரிமங்களும் பறிபோகலாம். பொய் வாக்குமூலம் என்ற குற்ற வழக்கும் வரலாம். குடித்தது சாலைக் குற்றம். மறைத்தது, இந்த விமானியின் கையெழுத்தை நம்பலாமா என்ற கேள்வி. விமானத்துறை முழுவதும் கையெழுத்துகளின் மேல்தான் ஓடுகிறது.

சிறைக்குப் போய் வந்த கேப்டன்

இதைவிடப் பெரிய குற்றத்திலிருந்து மீண்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார். 1990 மார்ச் 8. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் 727 விமானம் அமெரிக்காவின் ஃபார்கோ நகரிலிருந்து மினியாபொலிஸ் வந்து இறங்கியது. முந்தைய இரவு குடித்திருந்த விமானிகள் மூவரும் கைது செய்யப்பட்டார்கள். கேப்டன் லைல் பிரவுஸுக்கு 16 மாதச் சிறைத் தண்டனை. வேலை போனது, உரிமங்கள் போயின.

அவர் தன்னைக் குடிநோயாளி என்று ஒப்புக்கொண்டார். சிகிச்சை எடுத்தார். சிறையிலிருந்து வந்த பிறகு, தனி விமானி உரிமத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தேர்வையும் மறுபடி எழுதினார். அதே நார்த்வெஸ்ட் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1998-இல் கேப்டனாகவே ஓய்வு பெற்றார். 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

இது ஒரு மனிதரின் மன உறுதி மட்டும் அல்ல. 1970-களின் நடுவிலிருந்தே அமெரிக்காவில் விமானிகள் சங்கமும் நிறுவனங்களும் எஃப்ஏஏவும் சேர்ந்து, குடிப்பழக்கத்துக்கு ஆளான விமானிகளைச் சிகிச்சைக்கு அனுப்பி, கண்காணித்து, வேலைக்குத் திருப்பும் திட்டத்தை நடத்துகின்றன. அந்த நாட்டில் மீள்வதற்கு ஒரு வழி போடப்பட்டிருந்தது.

என்ன செய்ய வேண்டும்?

பழைய கேஸ் உள்ளவர்கள் முதலில் தாள்களைத் தேடி எடுங்கள். வழக்கு எண், தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராத ரசீது, அன்றைய சோதனை அளவு. நீதிமன்றத்தில் நகல் மனு போட்டால் கிடைக்கும். இரண்டாவது, பயிற்சிப் பள்ளிக்கு அரைக் கோடி ரூபாய் வரை கட்டுவதற்கு முன்னால் மெடிக்கலை முடியுங்கள். நிலத்தை அடகு வைத்துவிட்டு மெடிக்கலுக்குப் போகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது, அது தலைகீழ். மூன்றாவது, விண்ணப்பத்தின் எந்தக் கேள்விக்கும் ஏஜென்ட் சொல்லும் பதிலை எழுதாதீர்கள். கையெழுத்து உங்களுடையது.

பழக்கம் இன்னும் விடவில்லை என்றால் உரிமத்தை ஒத்திப்போட்டு உடம்பைப் பாருங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் போதை மீட்புக்குத் தனி மையம் இருக்கிறது. சிகிச்சை எடுத்த ஆவணம், சிகிச்சையே தேவையில்லை என்று சாதிக்கும் வாயைவிட மருத்துவரிடம் அதிகம் எடுபடும்.

பெற்றோருக்கும் ஒன்று. பையன் பிடிபட்டான் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. "வயசுப் பசங்க, இதெல்லாம் சகஜம், ஃபைன் கட்டிட்டு வா" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் "குடிகாரப் பய" என்று ஆயுளுக்கும் முத்திரை குத்துகிறோம். இரண்டுமே அவனை மறைக்கத்தான் பழக்கும். மருத்துவர் கேட்கிற அதே கேள்விகளை வீட்டில் முதலில் நிதானமாகக் கேட்டால், பதில் அங்கேயே உண்மையாக வரத் தொடங்கும்.

அரசுக்கும் பொறுப்பு இருக்கிறது. விமானிகளின் மனநலத்துக்குச் சக விமானிகளே கைகொடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 2023-இல் டிஜிசிஏ அறிவுறுத்தியது. அந்தக் கை, மதுப் பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்கும் நீள வேண்டும். பழைய 185 வழக்கு உள்ள மாணவர் எந்த ஆவணம் கொண்டுவர வேண்டும், எந்த அளவுக்கு மேல் கூடுதல் பரிசோதனை, எத்தனை நாளில் முடிவு என்பதை எளிய தமிழிலும் வெளியிட வேண்டும். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள்தான் தைரியமாக உண்மையைச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப் பழகிய விமானிகள் ஓட்டும் விமானத்தில்தான் நம் எல்லோருக்கும் பாதுகாப்பு.