துறைமுகம் பெருக்குமுன் காற்றை அளப்போம்

கொள்கலன் துறைமுகமொன்று விரிவடையும்போது கப்பல், பாரந்தூக்கி, லொறி, புகையிரதம் யாவும் பெருகுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை டீசலில் அல்லது அதனிலும் தரங்குறைந்த எண்ணெயில் இயங்குபவை. அவற்றின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்திற் சென்று தங்கி நோய் விளைவிக்கும்.

எனவே மதிப்பீடு நான்கு கேள்விகளுக்கு விடை கூறவேண்டும். இன்றுள்ள காற்று எத்தகையது? விரிவாக்கத்தின் பின் எவ்வளவு புகை கூடும்? காற்று அதனை எப்பக்கம் கொண்டு செல்லும்? அப்பக்கத்தில் வாழ்பவர் யார்? வேலிக்குள் நிற்கும் இயந்திரங்களை மட்டும் எண்ணி, வெளியே ஊரூடாக ஓடும் லொறிகளை விட்டுவிடும் கணக்கு அரைகுறையானதே.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் 2001இல் உரிய மதிப்பீடின்றிப் புதிய முனையமொன்று தொடங்கப்பட்டது. அயலில் வாழ்ந்தோர் சுற்றாடல் அமைப்புக்களுடன் சேர்ந்து வழக்காடினர். 2002இல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 2003இல் இணக்கம் ஏற்பட்டு, 5 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. தரித்து நிற்கும் கப்பல்கள் புகை கக்காது கரையிலிருந்து மின்சாரம் பெறும் வசதியும் 2004இல் அங்கு வந்தது. ஆயினும் 2008ஆம் ஆண்டு மதிப்பீட்டில் விதித்த நிபந்தனைகள் சில நிறைவேறவில்லையென 2015இல் தெரியவந்தது. வெற்றிக்குப் பின்னரும் விழித்திருத்தல் அவசியம்.

எமது நாட்டில் 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி, இத்தகைய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றி, அறிவித்தல் வெளியாகி 30 நாட்களுள் எவரும் கருத்து எழுதலாம். நிலம் பிரிந்த துயரை அறிந்த நாம், மீளக் குடியேறும் ஊரருகே பெருந்திட்டம் வருமாயின், அந்த 30 நாட்களையும் வீணே கழியவிடலாகாது. கிராம அபிவிருத்திச் சங்கமாகக் கூடி, அறிக்கையை வாசித்து, இந்நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேட்போம்.